கண்டீரும் பாத்தீங்கன்னாவும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் தண்ணீர் நிலவரம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். “மேட்டூர்ல வந்து தண்ணி தொறந்துட்டாங்க. ஆனா பாத்தீங்கன்னா, கடமடைக்கு இன்னும் வந்து சேரல. அதாவது, என்ன சொல்றேன்னா, வாய்க்காலே இன்னும் தூர் வாரல.” இதைச் செய்தியாக்கும் நிருபர் முதல் வேலையாகப் பாதிச் சொற்களை அடித்துவிடுவார். மேட்டூர் அணை திறக்கப்பட்டது, கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை, வாய்க்கால் தூர்வாரப்படவில்லை: சேதி அவ்வளவுதான். அடிபட்டுப்போன ‘வந்து’, ‘பாத்தீங்கன்னா’, ‘அதாவது’, ‘என்ன சொல்றேன்னா’ எல்லாம் வயலில் முளைத்த கோரை என்பதே மேடைப்பேச்சு கற்பிப்பவர்களின் பொதுவான எண்ணம். ஆனால் அந்த வாக்கியங்களில் ‘வந்து’ இரண்டு முறை வருகிறது. முதலாவது ‘வந்து’ எங்கும் வரவில்லை. இரண்டாவது உண்மையாகவே தண்ணீரின் வருகையைச் சொல்கிறது. கேட்கும் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. பொருளற்றது என்று தள்ளப்படும் ஒரு சொல் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதற்கு இவ்வளவு துல்லியமான ஒழுங்கு இருக்குமானால், அதற்கு ஏதோ ஒரு வேலை இருந்தாக வேண்டும். அந்த வேலை கேட்பவரைப் பற்றியது என்பதே என் கட்சி. பேசுகிறவருக்குச் சரக்கு தீர்ந்துபோனதால் இச்சொற்கள் பிறக்கவில்லை. எதிரில் இருப்பவர் கூடவே வருகிறாரா என்று பார்ப்பதற்காகப் பிறந்தவை. இதற்கான சான்றுகள் காவிரிக் கரையில், சோழர் காலத்துக் கல்லிலிருந்து நேற்றைய பண்ணை வீட்டு வாசல்வரை, வரிசையாகக் கிடைக்கின்றன.

காவிரிக்கு வருமுன் தொல்காப்பியத்தைத் தொட்டாக வேண்டும். அதன் காலத்தை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாது. சொல்லதிகாரத்தின் எச்சவியலில் அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள் இருக்கின்றன. ஒன்று, கண்டீர், கொண்டீர், சென்றது, போயிற்று ஆகிய நான்கும் வினாவோடு சேர்ந்து நிற்குமிடத்தில் அசைச்சொற்கள், அதாவது தனிப்பொருள் தராமல் நிற்கும் சொற்கள், என்கிறது. மற்றது, கேட்டை, நின்றை, காத்தை, கண்டை ஆகிய நான்கும் முன்னிலை வினையாக நில்லாதபோது அதே இயல்பை அடையும் என்கிறது. கண்டீர் என்பது பார்த்தீர். வினா சேர்ந்தால் பார்த்தீரா. கேட்டை என்பது கேட்டாய். இன்றைய ‘பாத்தீங்களா’வும் ‘கேட்டியா’வும் வினைச்சொல்லாகத் தொடங்கி, வினைப்பொருளை உதிர்த்துவிட்டு, பேச்சின் இடையில் வெறும் ஒட்டாக நிற்பதைத்தான் தொல்காப்பியர் அன்றைய வடிவத்தில் பதிந்து வைத்திருக்கிறார். எட்டுச் சொற்களில் ஆறு முன்னிலையைச் சேர்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். மூச்சு வாங்க நேரம் தேடுவது மட்டுமே நோக்கம் என்றால் எந்த ஒலியும் போதுமே. எதிரில் இருப்பவரின் கண்ணையும் காதையும் கேட்கும் சொற்களாகவே அவை ஏன் இருக்க வேண்டும்? இடையியலிலும் மியா, மோ, மதி போன்ற ஆறை முன்னிலை அசைகள் என்று அவர் தனியே பிரித்து வைக்கிறார். கேட்பவரை நோக்கிய அசை வேறு, பொதுவான அசை வேறு என்ற பாகுபாடு அப்போதே தெளிவாக இருந்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அசைச்சொல் செய்யுளுக்கு உரியது. சீர் குறையும்போது புலவன் போட்டு நிரப்பிக்கொள்வது. அதற்கும் தெருப்பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? மறுப்பில் பாதி உண்மை. தேரழுந்தூர்க் கம்பர் பாட்டின் இறுதியில் ‘அரோ’வையும் ‘மாதோ’வையும் வைக்கும்போது ஓசை நிறைவுதான் முதல் காரணம். ஆனால் தொல்காப்பியர் ‘உரையசை’ என்று வேறு ஒரு பெயரையும் ஆள்கிறார். ‘ஆங்க’ என்பது உரையசை; உவமைப் பொருள் இல்லாமல் வரும் ‘போலும்’ அந்த வகைதான். ஒப்பிட எதுவும் இல்லாத இடத்தில் ஒப்புச்சொல் வருவது பேச்சின் பழக்கம். இன்று கல்லூரிப் பிள்ளைகள் ‘ஒரு மாதிரி’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சேர்ப்பதும், ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் ‘லைக்’ என்று சேர்ப்பதும் இதே ஒப்பில்லாத ஒப்புதான். மேலும், கண்டீர், போயிற்று போன்றவற்றுக்கு வினாத் தொனி சேர வேண்டும் என்ற நிபந்தனையை ஏட்டுச் செய்யுளை மட்டும் பார்த்திருந்த ஒருவர் வகுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அது காதால் கேட்டவருடைய குறிப்பு.

காதால் கேட்டதை அப்படியே எழுதி வைத்த சான்று வேண்டுமென்றால் திருவரங்கத்துக்குப் போக வேண்டும். காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து டெல்டாவுக்குத் தலைவாசல் அமைக்கும் தீவு அது. 13ஆம் நூற்றாண்டில் அங்கே வைணவ ஆசிரியர் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏட்டில் எழுதி வைத்தார், ஆசிரியரிடம் அனுமதிகூடப் பெறாமல் எழுதினார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. அதுதான் ‘ஈடு முப்பத்தாறாயிரப்படி’. தத்துவ நூலாகவும் இலக்கிய ரசனைக்காகவும் அதைப் படிக்கிறவர்கள் உண்டு. பேச்சின் வரலாற்றைத் தேடுகிறவருக்கு அது வேறொரு புதையல். பக்கத்துக்குப் பக்கம் ‘இறே’ வருகிறது. அல்லவா, இல்லையா என்று கேட்பவரின் ஒப்புதலைத் தேடும் சொல் அது. ‘காண்’ வருகிறது, ‘கிடீர்’ வருகிறது. இரண்டும் பார் என்றும் பாருங்கள் என்றும் எதிரில் இருப்பவரைத் தொட்டுக் கூப்பிடுபவை. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள சேய்ஞலூரில் பிறந்து நம்பிள்ளையிடம் பயின்ற பெரியவாச்சான் பிள்ளையின் உரைகளிலும் இதே நடைதான். இவற்றை நீக்கிவிட்டாலும் தத்துவம் குறையாது. நீக்காமல் விட்டார்களே, அதுதான் முக்கியம். அந்தக் காலத்து ஏட்டில் ஒவ்வோர் எழுத்தும் எழுத்தாணியால் கீறப்பட வேண்டியது. பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி கீறப்பட வேண்டியது. அவ்வளவு உழைப்பு கோரும் ஊடகத்தில் ‘இறே’யை நூற்றுக்கணக்கில் காப்பாற்றியவர்கள் அதைக் கோரை என்று கருதியிருக்க முடியாது. அவையில் இருந்தவர்களோடு ஆசிரியர் பேசினார் என்பதற்கு அச்சொல்லே அத்தாட்சி. அது போனால் அவையே போய்விடும்.

‘காண்’ அத்தோடு நின்றுவிடவில்லை. ‘என்ன காணும்’, ‘சும்மா இரும் காணும்’ என்று தஞ்சை அக்ரகாரத் திண்ணைகளில் இருபதாம் நூற்றாண்டிலும் அது உயிரோடு இருந்தது. அங்கே அது பழகியவரை அழைக்கும் சொல்லாகவும் அசையாகவும் ஒரே நேரத்தில் நின்றது. காணுதல் என்ற வினை பொதுப் பேச்சில் பின்வாங்கிப் ‘பார்த்தல்’ முன்னுக்கு வந்தபோது, கண்டீரின் இடத்தில் ‘பாத்தேளா’வும் ‘பாத்துக்குங்க’வும் உட்கார்ந்தன, இப்போது ‘பாத்தீங்கன்னா’. சொல் மாறியது, பணி மாறவில்லை. தேய்ந்துபோன சொல் விலக, அதே பொருள் கொண்ட புதிய வினை அந்த இடத்துக்கு வருவதைப் பார்க்கும்போது, பேசுகிறவர்கள் ஏதோ ஒரு தேவையை விடாமல் நிறைவேற்றி வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டத் தயக்கமில்லை. வெறும் சோம்பலுக்கு இவ்வளவு நீண்ட வாரிசு வரிசை இருக்காது.

அந்தத் தேவை என்ன என்பதற்குத் தமிழ் வாக்கியத்தின் அமைப்பே விடை சொல்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா, நடக்குமா நடக்காதா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் தெரியும். போய், பார்த்து, கேட்டு, திரும்பி என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். முடிவு தெரியும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நீண்ட வாக்கியத்தில் அவரை நடுவழியில் தவறவிடாமல் இருக்கச் சில இடங்களில் நின்று கைகொடுக்க வேண்டியிருக்கிறது. ‘எங்க மாமா வந்து நேத்து கும்பகோணம் போயிட்டாரு’ என்பதில் ‘வந்து’ எழுவாயை ஊன்றி நிறுத்துகிறது: பேச்சு இவரைப் பற்றியது, மீதி வருகிறது, பொறுங்கள் என்கிறது. அதே சொல்லை நகர்த்தி ‘கும்பகோணம் வந்து போயிட்டாரு’ என்றால் அது அசையாக இல்லாமல் உண்மையான வருகையாகிவிடும். இடமறிந்து நிற்கும் சொல் இது. வினையெச்சம் ஒன்று இப்படி அசையாவதும் புதிதல்ல. தொல்காப்பியர் பொது அசைகள் என்று ஏழு சொற்களை மட்டும் ஓரிடத்தில் எண்ணினார். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், அவனுக்குக் கீழ்ப்பட்ட சீயகங்கன் வேண்ட நன்னூல் செய்த பவணந்தி முனிவர் எண்ணும்போது அது இருபதாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ‘இருந்து’, ‘இட்டு’, ‘நின்று’ ஆகியவை உண்டு. அன்றாட வினைகளின் எச்ச வடிவங்கள் அவை. இன்றைய ‘வந்து’வும் ‘வந்துட்டு’வும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவை. பவணந்தியின் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதைத் தவிர வேறு குறை அவற்றுக்கு இல்லை.

ஆனால் அதே பவணந்தியின் நூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களும் இருக்கின்றன: மிகைபடக் கூறல், கூறியது கூறல், நின்று பயனின்மை எல்லாம் அதில் அடக்கம். திருக்குறளில் பயனில சொல்லாமைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இவற்றைக் காட்டி அசைச்சொல்லைக் கண்டிப்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. பத்துக் குற்றமும் நூலுக்குச் சொல்லப்பட்டவை. நூலைப் படிப்பவர் புரியாவிட்டால் மறுபடி ஒரு பக்கம் திருப்பலாம். பேச்சைக் கேட்பவரால் அது முடியாது. குற்றங்களை வகுத்த நூலே இருபது அசைகளை இலக்கணமாக ஏற்பதில் முரண் இல்லை, களம் வேறு. திருவள்ளுவர் கடிவதும் பயனற்ற பேச்சை. பயனுள்ள பேச்சைத் தாங்கி நிற்கும் சொல்லை அவர் கடிந்ததாக எனக்குப் படவில்லை. கொச்சை என்று ஒதுக்குவதற்கும் இதே டெல்டாவில் ஒரு பழைய விடை இருக்கிறது. கத்தோலிக்கப் பாதிரியார் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். பேச்சுத்தமிழ் இலக்கணமே முதலில் அச்சேறியது. 1730களின் இறுதியில், தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷன் அச்சகத்தில். கத்தோலிக்கர் எழுதியதைப் போட்டி மிஷனான லுத்தரன்கள் அச்சிட்டார்கள் என்றால், பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு என்பதை எவ்வளவு அவசியமாகக் கருதியிருக்க வேண்டும்!

கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் கல்லிலும் ஏறியிருக்கிறது. சோழர் காலத்துச் சபைகள் தீர்மானம் செய்தால், அதைப் பொறித்த கல்வெட்டு நேரே தீர்மானத்துக்குள் போவதில்லை. ‘பரிசாவது’ என்று ஒரு சொல்லை நிறுத்தி, இனி வருவதே விஷயம் என்று அறிவித்துவிட்டுத்தான் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. டெல்டாவின் பிரமதேயங்களிலும் இதுவே வழக்கம். நில விற்பனைகளில் ‘எல்லையாவது’ என்பார்கள். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கணக்குகளில் தொகை கூட்டும் இடத்தில் ‘ஆக’ வரும். இன்றைய பேச்சில் ‘அதாவது’ விளக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. ‘ஆக’ சொன்னதையெல்லாம் கூட்டி முடிக்கிறது. கல்வெட்டிலிருந்து வாய்க்கு நேராக இறங்கியவை என்று நான் சொல்ல வரவில்லை. சபையில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டிய வாசகத்துக்கும் திண்ணையில் சொல்லும் சேதிக்கும் ஒரே நெருக்கடி இருந்தது என்பதே என் எண்ணம்: அடுத்து வருவது எந்த வகை என்று கேட்பவருக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பேசுகிறவர் தானாக முன்வந்து கேட்பவருக்குத் தந்த இடத்தைப் பற்றியது. டெல்டாவின் வரலாற்றில் இதன் கொடிய மறுபக்கம் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு இந்தப் பொருளை எழுதுவது நேர்மையாகாது. பண்ணையாள் மிராசுதாரிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஆண்டே’, ‘சாமி’, ‘எசமான்’ என்று ஒரு சொல் சேர்ந்தாக வேண்டியிருந்தது. சேதிக்கு அது தேவையில்லை, இலக்கணத்துக்கும் தேவையில்லை. ஆனால் ஒரு தடவை விட்டாலும் அது குற்றம். விளி இங்கே கட்டாய அசையாகிவிட்டது. கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதி 1860களில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இந்த உறவு நாடகமாகவே வருகிறது. பெரியபுராணத்தில் இல்லாத பண்ணை வேதியரை அவர் படைத்தார்; தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு நிற்கும் நந்தனை அவர் முன்னே நிறுத்தினார். தஞ்சைப் பண்ணைகளைக் கண்டவருக்கு அந்தக் காட்சியைப் புராணத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த கேத்லீன் கஃப், 1961-62இல் ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேல் ஆகியோர், சாதியும் நிலவுடைமையும் ஒருவர் எங்கே நிற்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதையெல்லாம் எப்படி நிர்ணயித்தன என்று விரிவாக எழுதினார்கள். நாக்கும் அந்த நிர்ணயத்துக்கு உட்பட்டதுதான்.

இந்தக் கட்டாய அசையை ‘கேட்டேளா’, ‘பாத்தீங்கன்னா’ போன்றவற்றோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். ‘பாத்தீங்கன்னா’ எதிரில் இருப்பவரிடம் ஒன்றைக் கேட்கிறது. அவரும் ‘ம்’ என்று சொல்லித் தன் பங்கைச் செலுத்துகிறார். அடுத்த நிமிடம் அவர் பேசும்போது இவர் ‘ம்’ கொட்டுகிறார். ‘ஆண்டே’ ஒரே திசையில் போகிறது. மிராசுதாரின் பேச்சில் அதற்கு ஈடாகத் திரும்பி வந்தது ‘டேய்’. எனவே கீழத்தஞ்சையில் 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமையாளர்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது, கூலியும் சாட்டையடியும் சாணிப்பால் புகட்டும் தண்டனையும் மட்டுமே பிரச்சினையாக இருக்கவில்லை; எப்படி அழைப்பது, எப்படி அழைக்கப்படுவது என்பதும் சேர்ந்தே இருந்தது. ‘தோழர்’ என்ற சொல் அங்கே செய்த வேலை பெரிது. இருவரும் ஒருவரையொருவர் அழைக்கத்தக்க சொல் அது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘தோழர்’ போட்டுப் பேசினால் அதையும் அசை என்றே இலக்கணம் வகைப்படுத்தும். ஆனால் பரம்பரையாக ‘ஆண்டே’ போட்டுப் பழகிய வாயில் அந்த இடத்தைப் பிடித்த சொல் அது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களின் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பேச்சுப் பழக்கத்தைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்டால், நாவில் ஒரு சொல் மாறுவதற்கே அந்த மண் என்ன விலை கேட்டது என்பதை வேறெப்படிச் சொல்வது?

இன்றைக்கு வருவோம். தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் ‘பாத்தீங்கன்னா’ அளவு மீறிவிட்டது என்ற புகார் நியாயமானது. பத்து நொடிக்கு ஒரு தடவை வரும் சொல் யாரையும் எதற்கும் அழைப்பதில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். பேசுகிறவர் எதிரில் ஒரு கருவி மட்டும் இருக்கிறது. ‘ம்’ கொட்ட ஆளில்லை. பதில் வராத இடத்தில் கேள்வி பெருகுகிறது. திருச்சி வானொலி 1939இல் தொடங்கியபோதும் எதிரில் கருவிதான் இருந்தது, ஆனால் கையில் எழுதிய தாள் இருந்தது. அசையே இல்லாத பேச்சு என்ற புது வகை அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் அதையே நல்ல பேச்சின் அளவுகோலாக்கிக்கொண்டன. மனித வாய் தானாகப் பேசும்போது எந்த மொழியிலும் அப்படிப் பேசுவதில்லை. ஆங்கில உரையாடல் பதிவுகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகிய உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய தாமதத்துக்கு ‘அ’ போன்ற ஓர் ஒலியும் பெரிய தாமதத்துக்கு ‘அம்’ போன்ற ஓர் ஒலியுமாகப் பேசுகிறவர்கள் கேட்பவருக்கு முன்னறிவிப்புத் தருகிறார்கள் என்று வாதிட்டார்கள். எச்சவியலைப் படித்த ஒருவருக்கு அது வியப்பாக இருக்காது.

இதைச் சொல்லியாக வேண்டிய அவசரம் ஒன்று இப்போது இருக்கிறது. டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் பழைய நெல் வகைகளோடு பயிரிட்டவர்கள், பண்ணை முறையின் கடைசி ஆண்டுகளைத் தாமே அனுபவித்தவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் பேசி வாய்மொழி வரலாறு எழுதுகிறவர்கள், அச்சுக்குப் போகும்போது ‘வந்து’வையும் ‘கேட்டீங்களா’வையும் நீக்கிச் சுத்தமான வாக்கியம் தருகிறார்கள். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ (2005) போன்ற ஆவணப்படத்தில் கீழ்வெண்மணி பற்றிப் பேசுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்பது நம் காதில் விழுகிறது. அச்சில் அது விழ வழியில்லாமல் செய்துவிடுகிறோம். ஒரு முதியவர் ‘ஆண்டே’ என்று தொடங்கி நிறுத்தி, ‘அவரு வந்து’ என்று மாற்றிக்கொண்டால், அந்த மாற்றத்தில் ஐம்பது ஆண்டு இருக்கிறது. எழுதுகிறவர் இரண்டையும் அடித்துவிட்டு ‘நில உரிமையாளர்’ என்று போட்டால் மூன்றாவது ஓர் ஆள் பேசத் தொடங்கிவிடுகிறார். வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் ஏட்டில் ‘இறே’யை விட்டுவைத்ததுபோல, பதிவு செய்பவர்கள் முழு எழுத்துப்படி ஒன்றை அசையோடும் நிறுத்தத்தோடும் தனியே வைத்துவிட்டு, வாசிப்புக்கான சுருக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓலையில் செய்ய முடிந்ததுதான் அது.